பழைய லைட்டைக் கழற்றிவிட்டு சென்சார் லைட் மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் பக்கம் வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். ஃபேன் மாட்டப் போனாலும் சரி, மோட்டார் ஸ்டார்ட்டர் பார்க்கப் போனாலும் சரி, வேலை முடிந்து கை கழுவும்போது "அப்படியே மாடிப்படிக்கு ஆள் வந்தா எரியிற லைட் ஒண்ணு போட்டுக் கொடுங்களேன்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சிலர் லைட்டை ஆன்லைனில் வாங்கி வைத்துக்கொண்டு, ஏணி மேல் நின்றபடியே போன் போட்டு "அண்ணே, இதுல மூணு வயர் வருது, சீலிங்ல ரெண்டுதான் இருக்கு" என்பார்கள். ஏணியிலிருந்து இறங்குங்கள், அப்புறம் பேசலாம் என்பதுதான் என் முதல் பதில். மீதிப் பதில்கள் கீழே.

இதை நானே மாட்டலாமா, ஆளைக் கூப்பிட வேண்டுமா?

சட்டப்படி பார்த்தால், வீட்டில் புதிதாக வயர் இழுப்பது, பாயிண்ட் கூட்டுவது, மாற்றியமைப்பது எல்லாம் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரும் தகுதிச் சான்று உள்ள வயர்மேனும் செய்ய வேண்டிய வேலை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச், லைட் ஃபிட்டிங் போன்றவற்றை, இணைப்பின் திறனும் தன்மையும் மாறாத வகையில், இருந்த இடத்திலேயே மாற்றிக்கொள்வதற்கு விலக்கு உண்டு. பழைய லைட் இருந்த இடத்தில் சென்சார் லைட் மாட்டுவது இந்த விலக்குக்குள் வரும். லைட்டே இல்லாத இடத்துக்குப் புதிதாக வயர் கொண்டுபோவது வராது.

சட்டம் விட்டாலும் கை ஒத்துழைக்க வேண்டுமே. இதுவரை ஒரு சுவிட்ச்கூட மாற்றியதில்லை, ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்) எது, நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வயர்) எது என்று சொல்லத் தெரியாது என்றால், முதல் வேலையை ஏணி மேல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு கற்றுக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு சென்சார் பல்பு போதும், அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கடையில் கேட்டால் பத்து விதம் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

பத்து விதம் இல்லை, மூன்றுதான். முதலாவது சென்சார் பல்பு. சாதாரண பின் ஹோல்டரில் பழைய பல்பைக் கழற்றிவிட்டு இதைப் போட்டுத் திருகினால் முடிந்தது, வயரில் கை வைக்கும் வேலையே இல்லை. பாதிப் பேருக்கு இதுவே போதும். ஒரே நிபந்தனை, சென்சார் இருக்கும் பல்பின் மூக்கு வெளியே தெரிய வேண்டும். கண்ணாடிக் கூண்டு மூடிய லைட்டுக்குள் போட்டால் உடம்புச் சூட்டைப் பார்க்கும் பிஐஆர் வகை சென்சாருக்குக் கண்ணைக் கட்டிய மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது, சென்சாரை உள்ளேயே வைத்து வரும் முழு ஃபிட்டிங். ரவுண்டாக சீலிங்கில் ஒட்டினாற்போல் வரும், அல்லது வெளிச்சுவருக்கான ஃப்ளட் லைட்டாக வரும். மூன்றாவது, தனி சென்சார். இருக்கிற லைட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு வரும் கரண்டை இதன் வழியாகத் திருப்பிவிட வேண்டும். போர்டிகோவில் நாலு லைட் ஒரே சமயத்தில் எரிய வேண்டுமானால் இது சரிப்படும்.

பிஐஆர், மைக்ரோவேவ் என்று இரண்டு பெயர் எழுதியிருக்கிறதே?

பிஐஆர் நம் உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிரைப் பார்க்கிறது. வெள்ளையாக, கோடு கோடாக இருக்கும் அந்த பிளாஸ்டிக் மூடிதான் லென்ஸ், அது எதிரிலுள்ள இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும். ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு வெப்பம் நகர்ந்தால் லைட் எரியும். அதனால்தான் குறுக்கே நடந்தால் உடனே பிடிக்கிறது, நேராக அதை நோக்கி நடந்து வந்தால் தாமதமாகப் பிடிக்கிறது. நம் ஊர் மே மாதத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. சுவரும் தரையும் சூடேறி நம் உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அதற்கு ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாது, வழக்கமாக 6 மீட்டரில் பிடித்தது 3 மீட்டர் வந்த பிறகுதான் பிடிக்கும். சென்சார் கெட்டுவிட்டது என்று கோடையில் வரும் போன்களில் பாதி இதுதான். கார்த்திகை வந்தால் தானாகச் சரியாகிவிடும்.

மைக்ரோவேவ் வகை சின்ன ராடார். தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதில் மாற்றம் இருந்தால் ஆள் நகர்கிறார் என்று எடுத்துக்கொள்ளும். வெயில் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் கண்ணாடி, மரக்கதவு, மெல்லிய தடுப்பு வழியாகவும் பார்த்துவிடும். தெருவை ஒட்டிய வீட்டில் வாசலுக்கு இதை மாட்டினால் போகிற வருகிற ஆட்டோவுக்கெல்லாம் லைட் எரிந்துகொண்டே இருக்கும். ஃபேன் சுற்றினாலும் எரியும். கார் ஷெட், மூடிய படிக்கட்டு, கிடங்கு இவற்றுக்கு மைக்ரோவேவ். வாசல், திண்ணை, கொல்லைப்புறத்துக்கு பிஐஆர் என்று நான் பிரித்துக்கொள்வேன்.

மெயினை ஆஃப் பண்ணிவிட்டால் போதும்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். போதாது. சென்சார் லைட் மாட்டுவதில் சென்சாரால் ஆபத்து கிடையாது, "ஆஃப் பண்ணியாச்சு" என்ற நினைப்பால்தான் ஆபத்து.

முதலில் இன்வெர்ட்டர். இப்போது ஊரில் முக்கால்வாசி வீட்டில் லைட்டும் ஃபேனும் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கின்றன. நீங்கள் மெயினை இறக்கிய அந்த நொடியே, கரண்ட் கட் ஆகிவிட்டது என்று நினைத்து அது பாட்டரியிலிருந்து 230 வோல்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். அதன் வேலையே அதுதானே. சரி, இன்வெர்ட்டர் பட்டனை மட்டும் அணைக்கிறேன் என்றால் அதுவும் ஆகாது. பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் பட்டனை அணைத்தாலும் ஈபி கரண்ட் அதன் வழியாகப் போய்க்கொண்டுதான் இருக்கும். மெயினையும் இறக்க வேண்டும், இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும், இரண்டும்.

அடுத்து எம்சிபி, கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச். போர்டில் இருக்கும் சின்ன ஒற்றை எம்சிபி ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இருக்கும். நியூட்ரலில்தான் ஒன்றுமில்லையே என்பீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு மாடி வீட்டில் நானும் அப்படித்தான் நினைத்தேன். படிக்கட்டு லைட்டின் எம்சிபியை இறக்கியாயிற்று, டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், சிவப்பும் எரியவில்லை கறுப்பும் எரியவில்லை. சீலிங் ரோஸில் (சீலிங்கில் லைட்டின் வயர் வந்து சேரும் வட்ட மூடி) கறுப்பு வயர் இரண்டு ஒரே ஸ்க்ரூவில் மாட்டியிருந்தது. ஸ்க்ரூவைத் தளர்த்தி இரண்டையும் பிரித்தேன், கீழே கார் ஷெட்டில் எரிந்துகொண்டிருந்த லைட் பட்டென்று அணைந்தது. "என்னடா இது" என்று நினைக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் கையிலிருந்த கறுப்பு வயர் முழங்கை வரைக்கும் இழுத்துவிட்டது. முன்னால் வயரிங் செய்தவர் ஷெட் லைட்டுக்கு நியூட்ரலை இங்கிருந்து லூப் எடுத்திருக்கிறார், அந்த லைட்டின் ஃபேஸ் வேறு எம்சிபியில். நான் பிரித்ததும், அங்கிருக்கும் ஃபேஸ் பல்பு வழியாக வந்து, போக வழியில்லாமல் என் கையில் இருந்த முனையில் நின்றது. பிரிக்கும் முன் டெஸ்டர் எரியாததில் ஆச்சரியமே இல்லை, பிரித்த பிறகுதானே அது நியூட்ரலாக இல்லாமல் போனது.

அதனால் ஒரே ஒரு லைட்டுக்கு என்றாலும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் மெயினை இறக்குங்கள், இன்வெர்ட்டரை அணையுங்கள், வீடே இருட்டாகட்டும். பகலில் வேலை செய்தால் இருட்டு ஒரு பொருட்டில்லை. பழைய பீங்கான் ஃப்யூஸ் இருக்கும் வீடென்றால் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எம்சிபி என்றால் அதன் மேல் டேப் ஒட்டி, வீட்டிலிருப்பவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மிக்ஸி ஓடவில்லையே என்று யாராவது போய் மெயினைத் தூக்கிவிடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

சுவிட்சை ஆஃப் பண்ணினாலும் எல்இடி பல்பு மங்கலாக எரிகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. சுவிட்சில் சின்ன சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகக் கசியும் கரண்டாக இருக்கலாம், அது பயப்படுகிற விஷயம் இல்லை. நீளமான வயர் பக்கத்தில் இன்னொரு வயர் போவதாலும் வரலாம். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது, சுவிட்ச் ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்கிறார்களா என்பதை. அப்படியிருந்தால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் நின்றுகொண்டிருக்கும், பல்பு மாற்றக் கை வைத்தாலே அடிக்கும். பல்பைக் கழற்றி, சுவிட்சை ஆஃபில் வைத்து, ஹோல்டரின் இரண்டு பின்னிலும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்று நன்றாக எரிந்தால் சுவிட்ச் நியூட்ரலில்தான் இருக்கிறது. சென்சார் மாட்டும் முன்னால் வயர்மேனை வைத்து இதைச் சரிசெய்யுங்கள்.

டெஸ்டர் எரியவில்லை. தொடலாமா?

டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்கிறது. எரியாவிட்டால் கரண்ட் இல்லை என்று அர்த்தமில்லை. அந்தச் சின்ன நியான் விளக்கு உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும் துளி மின்சாரத்தில்தான் எரிகிறது. பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ரப்பர் செருப்போடு நின்றால் மங்கிவிடும், வெயில் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. டெஸ்டரே செத்துப்போயிருக்கவும் வாய்ப்புண்டு.

முதலில் கரண்ட் இருக்கும்போதே ஒரு பிளக் பாயிண்டில் வைத்து டெஸ்டர் எரிகிறதா பாருங்கள். மெயினை இறக்கி, லைட் பாயிண்டில் எல்லா வயரிலும் வையுங்கள், கறுப்பு பச்சை எதையும் விடாமல். வயரைப் பிரித்த பிறகு ஒவ்வொரு முனையிலும் மறுபடி வையுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றுக்கும் நடுவில் ஏசி வோல்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அதையும் உயிருள்ள பிளக்கில் ஒருமுறை சோதித்துவிட்டு.

எங்கள் வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் தரைக்குக் கசிந்தால் துண்டிக்கும் கருவி) இருக்கிறது. அப்படியானால் ஷாக் அடிக்காதே?

அடிக்கும். அடித்த பிறகு துண்டிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டில் இருப்பது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகை, அந்த அளவு கரண்ட் தரைக்குப் போனால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ட்ரிப் ஆகும். உடம்பை ஏறக்குறைய 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் ஓடும், துண்டிக்காவிட்டால் உயிரே போகும். அதனால் அது இருப்பது பெரிய பாதுகாப்புதான். ஆனால் ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் அதற்கு நீங்கள் ஒரு பல்பு மாதிரிதான் தெரிவீர்கள், ட்ரிப் ஆகாது. ஏணியில் நின்றிருந்தால் சின்ன ஷாக்கே போதும், விழுந்து இடுப்பு உடையும்.

சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். நம்பலாமா?

விதி அதுதான். ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. ஆனால் வேலை நடக்கும்போது சிவப்பு வயர்ச் சுருள் தீர்ந்துவிட்டால் கையில் இருக்கும் நிறத்தை இழுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பச்சை வயரை சுவிட்ச் லைனாக ஓட்டிய வீட்டையும் பார்த்தாயிற்று. இதில் இன்னொரு குழப்பம் என்னவென்றால், நம் வீட்டில் நீலம் ஃபேஸாக இருக்கலாம், கடையில் வாங்கிய சென்சாரில் நீலம் நியூட்ரல். நிறத்தோடு நிறத்தைச் சேர்த்து முறுக்கினால் கதை முடிந்தது. வீட்டு வயரை டெஸ்டரால் அடையாளம் காணுங்கள், சென்சார் வயரை அதன் மேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து அடையாளம் காணுங்கள்.

சரி, படிப்படியாக எப்படி மாட்டுவது?

பழைய லைட் எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரியாத பாயிண்டில் புது லைட் மாட்டினால் கோளாறு எதில் என்று தெரியாமல் மண்டை காயும். மர ஏணியோ ஃபைபர் ஏணியோ எடுத்துக்கொள்ளுங்கள், அலுமினிய ஏணி வேண்டாம், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். கரண்ட் இருக்கும்போதே எந்த வயர் ஃபேஸ் என்று டெஸ்டரால் பார்த்து அடையாளம் வைத்துவிட்டு, மேலே சொன்னபடி மெயினும் இன்வெர்ட்டரும் அணையட்டும். பழைய ஃபிட்டிங்கைக் கழற்றும் முன்னால் வயர் எப்படி எப்படி மாட்டியிருக்கிறது என்று போனில் ஒரு போட்டோ எடுங்கள். இதை நான் இன்றைக்கும் செய்கிறேன்.

ஃபிட்டிங்கைக் கழற்றியதும் வயர் முனையைப் பாருங்கள். பழைய வீட்டில் சூட்டிலேயே இன்சுலேஷன் வெந்து, வளைத்தால் அப்பளம் மாதிரி உதிரும். அப்படியிருந்தால் அந்த இடத்தோடு நிறுத்துங்கள், அது வயர் மாற்றும் வேலை. நன்றாக இருந்தால் 8 மில்லிமீட்டர் அளவு செம்பு தெரியும்படி சீவி, ஸ்க்ரூ கனெக்டரில் மாட்டுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவதை நான் சம்மதிக்க மாட்டேன், கொஞ்ச நாளில் பசை இளகி டேப் கழன்று தொங்கும். மாட்டிய பிறகு ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள், வந்துவிட்டால் இப்போதே வரட்டும். கனெக்டருக்கு வெளியே செம்பு தெரியக் கூடாது. அடுத்தது, லைட்டின் எடை வயரில் தொங்கக் கூடாது. காங்கிரீட்டில் ஓட்டை போட்டு கட்டை அடித்து ஸ்க்ரூவில் நிற்க வேண்டும். ஓட்டை போடும்போது பைப் எந்தத் திசையில் போகிறது என்று யோசித்துப் போடுங்கள்.

எல்லாம் முடிந்து மூடி போட்டு, ஏணியை விட்டு இறங்கிய பிறகுதான் மெயினைப் போட வேண்டும். பிஐஆர் சென்சார் கண்விழிக்க அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் தானாக எரிந்து அணையும், பதறி மறுபடி ஏற வேண்டாம்.

தனி சென்சாரில் மூன்று வயர், சீலிங்கில் இரண்டு. எதை எதில் மாட்டுவது?

சென்சாருக்குத் தனக்கே ஃபேஸும் நியூட்ரலும் வேண்டும், அது எப்போதும் விழித்திருக்கிற ஜந்து. மூன்றாவது வயர், லைட்டுக்கு அது அனுப்பும் ஃபேஸ். சீலிங்கில் வரும் ஃபேஸ் சென்சாரின் ஃபேஸ் உள்ளீட்டுக்கு. சீலிங்கில் வரும் நியூட்ரல், சென்சாரின் நியூட்ரல், லைட்டின் நியூட்ரல் மூன்றும் ஒரே கனெக்டரில். சென்சாரின் மூன்றாவது வயர் லைட்டின் ஃபேஸுக்கு. நிறைய சென்சார்களில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், சிவப்பு வெளியே போவது. ஆனால் எல்லாக் கம்பெனியும் அப்படி இல்லை, படத்தைப் பாருங்கள். சென்சாரின் மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். விலை குறைந்தவற்றில் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்காது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் நேரடி மெயின்ஸ்தான்.

சுவிட்ச் போர்டிலேயே சென்சாரை மாட்டிவிட முடியாதா? ஏணியே வேண்டாமே.

பெரும்பாலும் முடியாது. சுவிட்ச் போர்டுக்கு நியூட்ரல் வந்தால்தான் சென்சார் வேலை செய்யும், வெறும் லைட் சுவிட்ச் இருக்கும் பெட்டியில் ஃபேஸும் லைட்டுக்குப் போகும் வயரும் மட்டும்தான் இருக்கும். அதே போர்டில் பிளக் பாயிண்ட் இருந்தால் நியூட்ரல் இருக்கும், ஆனால் அது இந்த லைட்டின் லைனைச் சேர்ந்ததுதானா என்று உறுதி செய்யாமல் எடுக்காதீர்கள். நான் ஷாக் வாங்கிய வீட்டில் ஒருவர் இப்படித்தான் வேறு லைனின் நியூட்ரலை எடுத்திருந்தார்.

எங்கள் மாடிப்படிக்கு மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச்.

டூ வே. லைட் இருந்த இடத்தில் சென்சார் ஃபிட்டிங்கை மாட்டினால் வேலை செய்யும், மின்சாரத்தில் சிக்கல் இல்லை, பழக்கத்தில்தான் சிக்கல். மேலே போகிறவர் கை பழக்கத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார், அதோடு சென்சார் செத்தது. இராத்திரி பாட்டி இறங்கும்போது இருட்டு. மேல் சுவிட்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெற்று மூடி போட்டு, ஒரு சுவிட்சில் ஓடுகிற மாதிரி மாற்றுவதுதான் சரி, அதை வயர்மேன் செய்யட்டும். கீழ் சுவிட்ச் இருக்கட்டும். சென்சார் சண்டித்தனம் செய்தால் அணைத்துவிட ஏதாவது ஒன்று வேண்டுமே.

லைட் பாயிண்டில் எர்த் வயரே இல்லை.

பழைய வீடுகளில் சகஜம். முழுக்க பிளாஸ்டிக் உடம்புள்ள, சதுரத்துக்குள் சதுரம் குறி போட்ட லைட் வாங்கினால் எர்த் தேவையில்லை. இரும்பு, அலுமினிய உடம்பு என்றால் எர்த் கண்டிப்பாக வேண்டும். எர்த் கிடைக்கவில்லை என்று நியூட்ரலை உடம்பில் முடிந்துவைக்கிற வேலையைக் கனவிலும் செய்யாதீர்கள். நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் லைட்டின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும்.

எந்த உயரத்தில் மாட்ட வேண்டும்?

சுவர் வகை 2 முதல் 2.5 மீட்டர், சீலிங் வகை சாதாரண 3 மீட்டர் கூரை. படிக்கட்டில் நடுத் திருப்பத்தின் மேலே மாட்டினால் இரண்டு பக்கமும் தெரியும். வாசலில் கேட்டைப் பார்த்து நேராக மாட்டாமல் பக்கவாட்டில் மாட்டுங்கள், ஆள் குறுக்கே கடப்பார்.

வெளியே மாட்டுகிறேன். மழையில் என்ன ஆகும்?

பெட்டியில் ஐபி என்று எழுதி இரண்டு எண் இருக்கும், இரண்டாவது எண்தான் தண்ணீருக்கு. ஐபி 20 வீட்டுக்குள் மட்டும். ஐபி 44 சாரல் தாங்கும், போர்டிகோவுக்குள் போதும். திறந்த சுவரில் ஐபி 65 இல்லாமல் மாட்டாதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் இங்கே மழை மேலிருந்து கீழே மட்டும் பெய்வதில்லை, பக்கவாட்டிலும் அடிக்கும். வயர் நுழையும் ஓட்டையைக் கீழ்ப்பக்கம் வைத்து, வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்து உள்ளே ஏற்றுங்கள், தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். கடற்கரை ஊர் என்றால் ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை கழற்ற உளிதான்.

மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் லைட் பாயிண்டில் மழை பெய்தால் தண்ணீர் சொட்டுகிறது என்றால், பைப்புக்குள் தண்ணீர் இறங்குகிறது. அங்கே எந்த லைட்டும் மாட்டக் கூடாது. முதலில் கொத்தனார், அப்புறம்தான் நான்.

சென்சாரில் மூன்று சின்னத் திருகு இருக்கிறதே?

டைம், லக்ஸ், சென்ஸ். டைம் எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பது, சில நொடியிலிருந்து சில நிமிடம் வரை. லக்ஸ் எவ்வளவு இருட்டினால் வேலை செய்ய வேண்டும் என்பது, நிலா படம் பக்கம் திருப்பினால் இருட்டில் மட்டும், சூரியன் பக்கம் திருப்பினால் பகலிலும். சென்ஸ் எவ்வளவு தூரம் பிடிக்க வேண்டும் என்பது. மாட்டியதும் டைமைக் குறைந்தபட்சத்திலும் லக்ஸைச் சூரியனிலும் வைத்து, பகலிலேயே நடந்து நடந்து பாருங்கள். எல்லை பிடிபட்ட பிறகு இரவுக்கு மாற்றுங்கள். பகலில் எரியவில்லை என்று திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் லக்ஸைத் தொடாதவர்கள்.

டைமை ரொம்பக் குறைக்காதீர்கள். ஒரு வீட்டில் வாசல் லைட்டை 10 நொடியில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் விடிகாலை அந்த அம்மாள் கோலம் போட உட்கார்ந்திருக்கிறார்கள், புள்ளி வைத்து முடிக்கும் முன் லைட் அணைந்துவிட்டது. கையை ஆட்டினால் எரியும், இழை இழுக்கும்போது அணையும். மார்கழி மாதம் வேறு. 6 மணிக்கே போன் வந்தது. இப்போது வாசலுக்கு 5 நிமிடம், படிக்கட்டுக்கு 1 நிமிடம் என்று வைக்கிறேன்.

ஆளே இல்லாமல் சும்மா சும்மா எரிகிறது. அல்லது அணைவதே இல்லை.

சும்மா எரிந்தால் எதிரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஏசியின் வெளி யூனிட் சூடான காற்றை ஊதுகிறதா, வெயிலில் காய்ந்த தகரக் கூரை இருக்கிறதா, வாழை இலை ஆடுகிறதா, தெரு நாய் படுத்திருக்கிறதா. பல்லி லென்ஸ் மேலேயே ஏறினால் எரியும், லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், அதை ஒன்றும் செய்ய முடியாது. லென்ஸின் ஒரு பகுதியை டேப்பால் மறைத்தால் அந்தத் திசையைப் பார்க்காது.

எரிந்து அணைந்து எரிந்து அணைந்து விளையாடினால், சென்சார் தன் லைட்டின் வெளிச்சத்தையே பார்த்து விடிந்துவிட்டது என்று ஏமாறுகிறது. திசையைத் திருப்புங்கள். அணைவதே இல்லை, யாரும் இல்லாத அறையிலும் எரிகிறது என்றால், உள்ளே ரிலே (லைட்டைப் போட்டு அணைக்கும் குட்டி சுவிட்ச்) ஒட்டிக்கொண்டிருக்கலாம். சென்சார் பெட்டியில் வாட் இரண்டு விதமாக எழுதியிருக்கும், குண்டு பல்புக்குப் பெரிய எண், எல்இடிக்குச் சின்ன எண். எல்இடி எரியத் தொடங்கும் கணத்தில் பல மடங்கு கரண்டை இழுக்கும், அதில்தான் ரிலேயின் முனை பற்றிக்கொள்கிறது. பெரிய எண்ணை நம்பி வரிசையாக லைட் மாட்டியவர்களுக்குத்தான் இது சீக்கிரம் வரும்.

பாத்ரூமுக்குப் போடலாமா?

போடலாம், பிஐஆர் வேண்டாம். உள்ளே போய் அசையாமல் உட்கார்ந்தால் லைட் அணையும், உட்கார்ந்தபடி கையை வீச வேண்டியிருக்கும். மைக்ரோவேவ் போட்டு டைமைக் கூட்டி வையுங்கள். ஷவருக்கு நேர் மேலே எந்த லைட்டும் வேண்டாம்.

கரண்ட் பில் குறையுமா?

ஏற்கெனவே எல்இடி போட்டிருந்தால், கணக்கே போட்டுவிடலாம். 9 வாட் பல்பு இரவு 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு ஆறரை யூனிட். சென்சாரோடு தினம் 1 மணி நேரம் எரிந்தால் அரை யூனிட் சொச்சம். சென்சார் விழித்திருக்க அரை வாட் என்று வைத்தால் அதற்கு முக்கால் யூனிட். மிச்சம் 5 யூனிட். சென்சார் விலையை எடுக்கவே வருடங்கள் ஆகும். பழைய சோக் போட்ட டியூப் லைட் விடிய விடிய எரிந்த வீடாக இருந்தால் இரண்டு மாதத்தில் 35 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும், ஆனால் அதில் பாதிக்கு மேல் டியூபை எல்இடியாக மாற்றினாலே கிடைத்துவிடும். இருட்டில் சுவிட்சைத் தேடாமல் படி இறங்குவதற்காக வாங்குங்கள், பில்லுக்காக வேண்டாம்.

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால்?

அவரைத் தொடாதீர்கள். மெயினை இறக்குங்கள், இன்வெர்ட்டரையும்தான். உடனே முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் வயரை விலக்குங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள், மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்றாலும் ஆஸ்பத்திரியில் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

மாட்டிய பிறகு பராமரிப்பு ஏதாவது உண்டா?

மாதம் ஒரு முறை ஒட்டடைக் குச்சியில் காய்ந்த துணி கட்டி லென்ஸைத் துடைத்தால் போதும், சிலந்தி வலை ஆடினாலும் எரியும். ஈரத்துணி வேண்டாம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மட்டும் சென்சார் மேல் பாலித்தீன் பை கட்டச் சொல்லுங்கள். போன தை மாதம் மூன்று வீட்டில் "சென்சார் போயிடுச்சு" என்று கூப்பிட்டார்கள், மூன்றிலும் லென்ஸ் மேல் ஒரு கோட் எமல்ஷன் அடித்திருந்தது.